மத்தக் காது

மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சி செல்வி புருஷன் பிள்ளையோட அடுத்த வாரம் கனடா போறா. அதனால அவ மக தனுவுக்கு இன்னைக்கே அவசரமா காது குத்தினோம். தாய்மாமன் என் மடியிலதான் உட்கார்ந்தா. ஒரு காது குத்தினதும் ஒரே அழுகை. சிரிக்க வைக்கலாம்னு, "ரெண்டு காதும் குத்தாட்டி பிளேன்ல ஏத்த மாட்டாங்கடி"ன்னேன்.

உடனே அழுகைய நிப்பாட்டி, "அப்ப மத்தது வேணாம் மாமா"ன்னா.

எங்க லயத்து வரிசை வீட்டுச் சனமே சிரிச்சது. செல்வி சிரிக்கல. காது குத்தின ஆசாரி மத்தக் காதைக் குத்தாமலே போனபிறகு கேட்டா: "இங்க தேயிலைக் கொழுந்து பறிச்சு இவள எப்படிண்ணே படிக்க வைக்கிறது? நாங்க போறது சரிதானே?"

எல்லாரையும் நக்கலடிக்கிற நான் அவளுக்குப் பாயை விரிச்சு, "தூங்கு, காலையில பேசலாம்"னேன்.

காலையில மறுபடி கேப்பா. போயிட்டு வாங்கன்னுதான் சொல்லணும். பிள்ளை இன்னும் அந்த மத்தக் காதைக் கையால பொத்திக்கிட்டே தூங்குறா.