தலைக்கவசம் வரைந்த முகம்

நாள் 203, காலை 8.10
பாதை சரி. காற்றழுத்தம் சரி. செவ்வாயைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். கலத்தில் நான் ஒருவன்தான்: செல்வின் தேவசகாயம், நரம்பியல் ஆய்வாளன், ஊர் நாகர்கோவில்.
இன்றைய சோதனை முடிந்தது. கண்ணை மூடி ஒன்றை நினைக்க வேண்டும். தலைக்கவசம் மூளையின் அலைகளைப் படித்து அதை வரைந்து காட்டும். பார்க்கும்போது செய்தி கண்ணிலிருந்து உள்ளே போகிறது. நினைத்துப் பார்க்கும்போது நினைவிலிருந்து கிளம்பி அதே பாதையில் எதிராக வருகிறது. குடை தெளிவாக வந்தது. சாவியும் வந்தது. என் மனைவி பெல்சியின் முகம் மட்டும் மங்கல். தூக்கக் குறைவாக இருக்கலாம்.

நாள் 209, மாலை 4.30
சூரியப் புயல். பெரிய ஆன்டெனா போயிற்று. அவசர ரேடியோ வேலை செய்கிறது. அதில் பேச்சு மட்டும்தான் போகும், படம் வராது. கணினியில் சேமித்த போட்டோக்களும் அழிந்துவிட்டன.
ரோஷ்னாவின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. என் மகள். ஒன்பது வயது. நான் கிளம்பிய நான்காம் மாதம் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். பாதி வழியில் கலத்தைத் திருப்ப முடியாது. அடக்கத்தைத் திரையில் பார்த்தேன்.

நாள் 216, காலை 9.00
குடை வருகிறது. சாவி வருகிறது. முகம் ஒன்றுகூட வரவில்லை. ரோஷ்னாவை நினைத்தால் யூனிஃபார்ம் வருகிறது, ரிப்பன் வருகிறது. நடுவில் ஒன்றுமில்லை.
பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து டாக்டர் வஹிதா சொன்னது: "எடையில்லாம இருக்கறதால தலையில நீர் சேருது. முகங்களுக்குன்னு மூளையில ஒரு இடம் இருக்கு, அதை அது அழுத்துது. பூமிக்கு வந்தா குறையலாம். உறுதியா சொல்ல முடியல, செல்வின்."

நாள் 218, மாலை 6.15
இது திட்டத்தில் இல்லாத வேலை. காலையிலிருந்து தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. சொத்தவிளைக் கடற்கரையில் கண்ணில் மணல் விழுந்து ரோஷ்னா என்னிடம் ஓடிவந்ததையே திரும்பத் திரும்ப நினைத்தேன். மாலையில் திரையில் ஒரு முகம் வந்தது. சிறுமி. கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.
அச்செடுத்து மேசைக்கு மேல் ஒட்டினேன். "மக்ளே" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

நாள் 219, காலை 10.40
பெல்சியிடம் சொன்னேன். பதில் வர அரைமணிக்கு மேல் ஆகிறது. நெற்றி எப்படி, கன்னம் எப்படி, பல் எப்படி என்று கேட்டாள். படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.
"ஆமா. அவளேதான். பத்திரமா வச்சுக்கிடுங்க."

நாள் 224, காலை 7.50
எழுந்ததும் படத்திலிருக்கும் அவளிடம் பேசுகிறேன். தலைவலி. இடது கை நடுங்குகிறது.
ஒன்றை எழுதியாக வேண்டும். இந்தக் கருவி ஆயிரக்கணக்கான அந்நியர்களின் முகங்களைப் பார்த்துப் பழகியது. மூளையின் அலை பலவீனமாக இருந்தால் மீதியை அந்த முகங்களிலிருந்து நிரப்பிக்கொள்ளும். அதை அப்படி அமைத்தவனே நான்தான். அது உண்மையில் ரோஷ்னாதானா என்று பெல்சியிடம் மறுபடி கேட்கவில்லை.

நாள் 227, பகல் 1.20
பெல்சியே கூப்பிட்டாள்.
"நான் பொய் சொல்லிட்டேங்க. போட்டோவைக் கையில வச்சுக்கிட்டுத்தான் உங்ககிட்ட கேட்டேன். நீங்க சொன்ன பிள்ளைக்குக் கன்னத்துல குழி விழுது. நம்ம பிள்ளைக்கு அது கிடையாது. அன்னைக்குச் சொல்ல மனசு வரல. ஆனா அவள்னு நெனச்சு நீங்க வேற ஒரு பிள்ளைகிட்ட பேசிட்டு இருக்கீங்க. அத என்னால தாங்க முடியல."
கோபம் வரவில்லை. அந்தப் போட்டோவைப் பார்த்து ரோஷ்னா எப்படி இருக்கிறாள் என்று வாயால் சொல்லச் சொன்னேன்.

நாள் 230, காலை 11
நாளை முதல் பூமிக்கும் எனக்கும் நடுவில் சூரியன். வாரக்கணக்கில் பேச்சு கிடையாது. பெல்சி நிதானமாகச் சொன்னாள்.
"நெத்தி சின்னது. வலது புருவம் கொஞ்சம் ஏறி நிக்கும், நாம சொல்றத நம்பாத மாதிரி. மூக்கு உங்களது. கண்ணு..." இரைச்சல். "...அழாம கேளுங்க. திரும்பச் சொல்றேன். நெத்தி சின்னது..." இரைச்சல்.
பிறகு இரைச்சல் மட்டும்.
அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு முகமாகவில்லை. கண்ணை மூடினால் நெற்றி என்ற சொல் இருக்கிறது, நெற்றி இல்லை.

நாள் 236
கையால் எழுத முடியவில்லை. பேசிப் பதிவு செய்கிறேன். குடையும் வரவில்லை இப்போது. டாக்டர் வஹிதாவிடம் கேட்க வழியில்லை.
கலம் தானாகவே பூமிக்குத் திரும்பிவிடும். நான் எப்படித் திரும்புவேன், தெரியவில்லை.

நாள்
கதவைத் திறப்பவருக்கு.
மேசைக்கு மேல் ஒட்டியிருப்பது என் மகள் இல்லை. பெல்சியிடம் கொடுக்காதீர்கள். அவள் அதைப் பார்க்க வேண்டாம்.
கிழிக்கவும் வேண்டாம். பாவம். இத்தனை நாள் கூட இருந்தது அவள்தான்.
தினமும் ரோஷ்னா என்றுதான் கூப்பிட்டேன். அவள் ஒருநாளும், நான் ரோஷ்னா இல்லை என்று