பேர் வைக்காத கறுப்புப் பெட்டை

2012 ஓகஸ்ட் 10, வெள்ளி

இந்த நாட்டில் ஓகஸ்டிலும் குளிர், தூறல். உடுப்பு இன்னும் காயவில்லை. வாங்க: பருப்பு, தேங்காய்ப்பூ, ஆரணிக்குக் கறுப்புக் காலுறை.

பின்னேரம் ஆரணியின் பள்ளிக்கூட மண்டபத்தில் ஜப்பான் கார்ட்டூன் படம். பெற்றோரும் வர வேண்டுமாம். பத்தாம் வகுப்பு இதைத்தான் நாடகமாகப் போடப்போகிறதாம். கடற்கரை ஊரில் ஒரு ஜப்பான் பெட்டை வளர்ந்து ஆளாகிற கதை. சரி, ஆகட்டும். நடுவில் கப்பலால் ஒரு கறுப்புப் பெட்டை வந்து இறங்குகிறது. பேர்கூட இல்லை. கறி காய்ச்சிக் கொடுக்கும், மற்றவளின் கண்ணீரைத் துடைக்கும், பிறகு கப்பலேறிப் போய்விடும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

போகும்போது சொல்கிறது, "நான் போகிறேன்." தமிழில். இவர் கதிரையில் இருந்து துள்ளினார். "எங்கடை தமிழப்பா, கேட்டனீரே?" என்ன தமிழ்? வெளிக்கிடும்போது யாராவது போகிறேன் என்பார்களா? எங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் வாயில் அடி விழும்.

நாடக ரீச்சர் மேடையேறி, எல்லா இனத்துக்கும் இடம் கொடுத்த படம் என்றா. குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் கொடுத்த இடம். நானும் பல்லைக் காட்டிக் கை தட்டினேன். வெட்கங்கெட்ட கை.

13, திங்கள்

தலையிடி. வேலையில் இரண்டு பேர் வரவில்லை, எல்லாம் என் தலையில்.

நாடகத்தில் ஆரணிக்கு அந்தக் கறுப்புப் பெட்டையின் பாகம். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? கதாநாயகி ஒரு பொன்நிறத் தலைமயிர்ப் பிள்ளை. ஆரணி சிரித்துக்கொண்டு சொன்னாள். இவர்: "மேடையிலை தமிழ் கேக்கப்போகுது, சந்தோஷப்படுமன்." மனுசனோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

புதன்கிழமை லீவு. பள்ளிக்கூடம் போவது. ஆரணிக்குச் சொல்வதில்லை.

15, புதன்

வெயில். பரமட்டாவில் பஸ் பிந்தி வந்தது.

ரீச்சர் தேத்தண்ணி தந்தா. என் பிள்ளைக்கு ஏன் கதாநாயகி இல்லை என்று நேரே கேட்டேன். கதாநாயகி ஜப்பான்காரியாம், பொருத்தம் பார்க்க வேண்டுமாம். அந்தப் பொன்தலைப் பிள்ளை ஜப்பானில் எந்த ஊர் என்றேன். தேத்தண்ணியைக் கலக்கினா.

சரி, அந்த வசனத்தையாவது "போட்டு வாறன்" என்று மாற்றுங்கள் என்றேன். அதற்கு என்ன கருத்து என்று கேட்டா. போய்விட்டு வருகிறேன் என்றேன். "ஆனால் அவள் திரும்பி வருவதில்லையே, பிழையல்லவா?" வராவிட்டாலும் அப்படித்தான் சொல்வோம். ரீச்சருக்கு விளங்கவில்லை. எனக்கும் இங்கிலீசு அதற்கு மேல் ஓடவில்லை. கொழும்பில் பிளேன் ஏறும்போது அம்மாவுக்கு நானும் அதைத்தான் சொன்னேன். இன்னும் திரும்பிப் போகவில்லை.

எழும்பும்போது, இது எங்கள் சனத்துக்கு அவமானம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்லாய்ச் சொன்னேன். பஸ்ஸில் சிரிப்பு வந்தது.

17, வெள்ளி

திரும்பவும் மழை. காலுறை மறந்துபோச்சு.

ரீச்சரின் ஈமெயில். என் மனம் நோகக்கூடாது என்று அந்தப் பாகத்தையே நாடகத்தில் இருந்து எடுத்துவிட்டார்களாம். கருத்துக்கு நன்றியாம். ஆரணிக்குத் திரை இழுக்கிற வேலை. இருந்த ஒரு கறுப்புத் தோலும் போச்சு. நன்றியாம், நன்றி.

ஆரணி வந்ததும் வராததுமாகப் பையை எறிந்தாள்.

"அம்மா, நீங்கள் ஏன் அங்கை போனனீங்கள்?"

"உன்னைக் கறுப்பி எண்டு ஒதுக்குவினம், நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"ஒருத்தரும் ஒதுக்கேல்லை. அந்த பார்ட்டை நான்தான் கேட்டு வாங்கினனான். ஒரு படத்திலை என்னை மாதிரி ஒருத்தி வந்து நான் பாத்தது அதுதான் ஃபர்ஸ்ட் டைம்."

"அவளுக்கு ஒரு பேர்கூட வைக்கேல்லையேடி."

"நான் வச்சனான்."

என்ன பேர் என்று கேட்டேன். சாப்பிடும்போதும் கேட்டேன். சொல்லவில்லை.