பந்து வீச்சுக்கு மாமா, பேட்டிங்குக்கு அத்தை

என் அருமை ஆல்ரவுண்டருக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் வலது தோள் நலமா என்று கேட்க மாட்டேன், பொய் சொல்வீர்கள். போனில் பேசினால் "சரி சரி, டீம் பஸ் கிளம்புது" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. உங்கள் பிசியோ லீவு முடிந்து நாளை அங்கே கிளம்புகிறாராம், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் என் சமாச்சாரம். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் புதிதாக ஒரு பல் டாக்டர் என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். பிரேக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மிதிக்கிறார். நேற்று ஒரு காய்கறிக் கடையின் வாசல்வரை போய்விட்டோம். கடைக்காரர் அசரவே இல்லை, "என்ன வேணும்மா?" என்று கேட்டார். வெட்கத்தில் ஒரு முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் பந்து போட்டால் உங்கள் அப்பா ஹாலில், அம்மா பால்கனியில். நீங்கள் பேட் பிடித்தால் அத்தை ஹாலில், மாமா பால்கனியில். "எம் புள்ள போடற பந்தை வழியில போறவன்லாம் அடிக்கறான், அதை நான் உட்கார்ந்து பார்க்கணுமா?" என்பது அத்தை கட்சி. "பந்து போடறவனுக்கு அடுத்த பந்துன்னு ஒண்ணு இருக்கு. பேட் பிடிக்கறவனுக்கு ஒரே பந்துல கதை முடிஞ்சிடும். என் நெஞ்சு தாங்காது" என்பது மாமா கட்சி. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் உங்கள் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். இரண்டு பக்கமும் ஸ்கோர் கத்திக் கத்தி என் தொண்டைதான் போயிற்று.

முழுசாகப் பார்த்ததால் சொல்கிறேன். ஒன்பதாவது ஆளாக இறங்கிக்கொண்டிருந்தவர், ஆறாவது இடம்வரை ஏறி வந்தீர்கள். காற்றுக்கு எதிராக ஓடி வந்து போட வேண்டிய பக்கமா, நைந்துபோன பந்தா, உச்சி வெயிலா, கேப்டன் உங்களைத்தான் பார்ப்பார். நீங்களும் கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொள்வீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும், பெருமையாகவும் இருக்கும். இப்போது வீட்டுக்கு வந்தால் அந்தக் கைக்குச் சட்டை மாட்டிவிடவே நான் வர வேண்டியிருக்கிறது. இன்னும் ஒரு சீசன் பந்து போட்டால் கை தோளுக்கு மேலே எழும்பாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. பந்து வீச்சை விட்டுவிடு, பேட்ஸ்மேனாக நாலாவது இடத்தில் இறங்கு என்று கேப்டனும் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் வேண்டும். நீங்களோ, "ரெண்டும் இருந்தாத்தான் நான். பாதி ஆளா ஆடறதுக்கு வீட்டுக்கே வந்துடறேன்" என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்.

அதோடு விட்டீர்களா? "அப்பாகிட்ட மூச்சு விடாதே. நான் பந்து போடலைன்னா அவருக்குப் பார்க்க என்ன இருக்கு?" என்றும் சொன்னீர்கள். அங்கேதான் சிக்கல். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த மாமா என் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். திட்டுவதென்றால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள்.

மாமா குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவர் டம்ளர் கழுவி நான் பார்த்ததே இல்லை, பயந்துபோனேன்.

முந்தாநாள் மேட்ச்சில் நீங்கள் பேட்டோடு இறங்கினீர்கள். பால்கனிக்குப் போக வேண்டிய மாமா, டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயோ, நீங்க எதுக்கு இங்கே? அவன் அவுட்டாயிடப் போறான், எழுந்திருங்க!" என்று அத்தை பதறினார். "எம் புள்ள ஆடறதை நானும்தான் பார்க்கறேனே" என்றார் மாமா. முதல் ஓவர் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார். அப்புறம் ஒரு கண். கவர் பக்கம் ஒரு நாலு அடித்தீர்களே, அப்போது இரண்டு கண்ணும் திறந்தன. "இவன் இப்படியெல்லாம் அடிப்பானா?" என்று என்னைக் கேட்கிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

அடுத்த ஓவரிலேயே, தன் பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பந்தைத் துரத்திப் போய்க் கேட்ச் கொடுத்தீர்கள். அத்தை மாமாவை முறைத்த முறைப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமாவின் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபம்தான் வந்தது. "அதைப் போய்த் தொடுவானா? கூறு வேண்டாம்?" என்று கையில் கரண்டியை வைத்துக்கொண்டு, சாப்பாடு ஆறிப் போகும்வரை எங்களுக்கு ஆடிக் காட்டினார். இவ்வளவு உற்சாகமாக அவரைப் பார்த்து நாளாயிற்று.

முடிவு உங்களுடையது. பாதி ஆள் என்ற பேச்சை மட்டும் என்னிடம் எடுக்காதீர்கள். பேட்டும் வேண்டாம், பந்தும் வேண்டாம் என்று வந்து நின்றாலும் எனக்கு நீங்கள் முழு ஆள்தான். ஆனால் உங்களுக்கு ஆட ஆசை இருக்கிறது, அது எனக்குத் தெரியும். தூக்கத்தில்கூடக் காலை முன்னால் வைத்து டிரைவ் ஆடுகிறவர் நீங்கள், உதை வாங்குகிறவள் நான்.

இன்று காலை மாமா என் பக்கத்தில் வந்து, அத்தைக்குக் கேட்காமல் மெதுவாக, "ஏம்மா, நாலாவதா இறங்கினா எத்தனை மணிக்கு வருவான்? அதுக்குள்ள நான் குளிச்சு முடிச்சு உட்காரணுமே" என்றார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களையும் உங்கள் தோளையும் பத்திரமாக எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி