அசையாத முள்

செவ்வாய்க்கிழமை, செம்பூர்.

மின்தடைகளின் அளவைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் எங்கள் காலிப்ரேஷன் லேபில் இன்று பழைய முள் மீட்டருக்குப் பதிலாக டிஜிட்டல் மல்டிமீட்டரை மாட்டினோம். அளவுப் பெட்டியின் டயலைத் திருப்பி, அதோடு இணைத்த மீட்டரின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், டயலில் இருப்பதுதான் மின்தடையின் அளவு. நேரம் மிச்சமாகட்டும் என்று நான் எப்போதும் அதே மின்தடையின் போன வருட அளவிலேயே டயலை வைத்துத் தொடங்குவேன். முள் பூஜ்யத்தில் நிற்கும், கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

இன்றும் அப்படியே வைத்தேன், புது மீட்டரில் பூஜ்யம் வரவில்லை. மீட்டர் கோளாறு, திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன்.

கூட வேலை பார்க்கும் சுடலைமுத்து, தாராவிக்காரர், பழையதை மறுபடி மாட்டி டயலைக் கன்னாபின்னாவென்று திருப்பினார். முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

“எக்கா, இது செத்துக் கெடக்கு. எப்பம் செத்துச்சுன்னு தெரியுமா?”

தெரியாது. நான் ஒரு தடவைகூட டயலைத் தள்ளிவைத்துப் பார்த்ததில்லை.

சான்றிதழ் ஃபைலைப் பின்னோக்கிப் புரட்டினேன். வருடத்துக்கு வருடம் துளியாவது மாற வேண்டியது, மூன்று வருடமாக எந்த மின்தடையிலும் கடைசி இலக்கம்கூட மாறவில்லை. எல்லாவற்றின் கீழும் என் கையெழுத்து.

போன மாதம்தான் லேபின் தரத்தைச் சோதிக்க வந்த ஆடிட்டருக்கு அந்தப் பக்கங்களை நானே விரித்துக் காட்டி, எங்கள் துல்லியத்தைப் பாருங்கள் என்றேன்.