உங்கள் வயிற்றுக்கு நான் பழி ஏற்க மாட்டேன்

இன்று காலையில் மாஸ்டர் கட்டிங் டேபிளில் சாம்பிள் பனியன்களை அடுக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஏனுங்கம்மா, நூத்திப்பத்து சைஸை யாருக்குப் போட்டுப் பாக்கறதுங்க?" சின்ன சைஸ்களுக்கு ஆள் கிடைக்கிறது. தொண்ணூற்றைந்துக்கு மாஸ்டரே போதும். நூற்றுப்பத்துக்கு நம் கம்பெனியில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். பேக்கிங் பெண்கள் சிரிக்கச் சிரிக்க, முதலாளியே சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனை மாட்டிக்கொண்டு கைகளைத் தூக்கிக் காட்டுவீர்கள். காதர்பேட்டை பனியன் சந்தையில் வடக்கத்தி வியாபாரிகள் முன்னாலும் அதே கூத்துதான். "இந்த வயித்துல நின்னுச்சுன்னா இந்தியாவுல எந்த வயித்துலயும் நிக்கும்" என்பீர்கள்.

அப்புறம் சொல்கிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்த வயிற்றை ஊரே கொண்டாடியது. கல்யாணமான புதிதில் சோளத்தட்டு மாதிரி ஒல்லியாக இருந்தீர்கள். யூனிட் ஓடத் தொடங்கி உடம்பு போட்டதும், கொமரலிங்கத்திலிருந்து வந்த உங்கள் அக்கா உங்களை ஏற இறங்கப் பார்த்து, "இப்பத்தாண்டா மொதலாளியாட்டம் இருக்கறே" என்று சுற்றிப் போட்டார். ஒரு காய்ச்சலில் நீங்கள் கொஞ்சம் இளைத்தபோது மங்கலம் ரோட்டு டீக்கடையில், "கம்பெனி நல்லாத்தான ஓடுதுங்க?" என்று விசாரித்தார்கள். முதலாளி இளைத்தால் தொழிலும் இளைத்தது என்று கணக்குப் போடுகிற ஊர் இது. நீங்களும் அன்று வீட்டுக்கு வந்ததும், "அம்மிணி, இன்னொரு கரண்டி நெய் ஊத்து" என்றீர்கள். ஊற்றினேன். சந்தோஷமாகத்தான் ஊற்றினேன்.

ஒன்றுக்குப் போவதில் சிரமம் இருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை நீங்கள். என்னிடம்கூட. ஊரே கேட்கக் கத்துகிற உங்களுக்கு அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இடுப்பு வலி என்று கோயம்புத்தூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தபோதுதான் புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் எலும்பு வரைக்கும் போயிருப்பது தெரிந்தது.

டாக்டரம்மா அத்தனையும் விளக்கி முடித்தபோது நீங்கள் உங்கள் வயிற்றைத் தட்டிக் கேட்டீர்கள். "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டுங்களா?"

"உண்டுங்க" என்றார் அவர். "கொழுப்பு செல்லுன்னா சும்மா குடோன்ல போட்டு வெச்ச சரக்கு இல்லீங்க. ஹார்மோன் சுரக்கும், உடம்புல அழற்சியைக் கெளப்பி விடும். புராஸ்டேட்டைச் சுத்தியும் கொழுப்பு இருக்குது. புற்றுநோய் செல் அதை வாங்கி எரிச்சு வளருதுன்னு ஆராய்ச்சியில பாக்கறாங்க. உடம்பு பெருத்தவங்களுக்கு இந்த நோய் வந்தா கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கறதும் உண்டு."

"அப்படீன்னா என்ற கொழுப்பு அதுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் பண்ணிக் குடுக்குதுன்னு சொல்லுங்க!" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் ஆக்கிப் போட்டதுனாலதான் வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்படி யாராலயும் சொல்ல முடியாதுங்கம்மா. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வருது. வயசு இருக்குது, பரம்பரை இருக்குது. நெறையப் பேரை வெச்சுப் பாத்துச் சொல்றதைத் தூக்கி ஒருத்தர் தலையில போடக் கூடாது." அந்த வார்த்தையை அன்று நான் வாங்கி முடிந்துகொண்டேன். எனக்கு அது வேண்டியிருக்கும் என்று தெரியும்.

ஆண் ஹார்மோனை அடக்குகிற ஊசி போட்டார்கள். அது நோயைக் கொஞ்ச காலம் கட்டி வைத்தது. ஆனால் அதே ஊசி உடம்பில் கொழுப்பையும் ஏற்றியது. இதென்ன நியாயம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நீங்களோ வேளை தவறாமல் நடந்தீர்கள், சோற்றைக் குறைத்தீர்கள், தசை கரையக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்தீர்கள். அப்படியும் வயிறு கூடியது. நெஞ்சு பெண்பிள்ளைக்குப் போல் ஊதியது. ஏசி அறையிலும் குப்பென்று வியர்த்தது. கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, சாம்பிள் பார்க்கிற நாட்களில் கம்பெனிப் பக்கமே வராமல் இருந்தீர்கள்.

பிறகு ஒரு நாள் திடுதிப்பென்று வந்து நின்று சட்டையைக் கழற்றினீர்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தையல் மிஷின்கள்கூட நின்றுவிட்டன.

"என்னத்தப் பாக்கறீங்க? ஊசி போட்டதுல நெஞ்சு ஊதிப்போச்சு. மாஸ்டர், டேப்பை எடுங்க. என்னையாட்டம் ஊசி போட்டுக்கறவன் எத்தனை பேரு இருப்பான்? அவனுக்கெல்லாம் பனியன் வேண்டாமா?"

நெஞ்சில் ஒட்டாமல், கழுத்து உறுத்தாமல் அன்று வெட்டிய பேட்டர்ன் இன்றைக்கும் நம் லைனில் ஓடுகிறது. அன்று நான் உங்களைப் பார்த்த பார்வையை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. மாப்பிள்ளைக் கோலத்தில்கூட உங்களை அப்படிப் பார்த்ததில்லை.

கடைசியாகப் படுத்த பிறகு அக்கா வந்தார். உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு, நான் நிற்கிறேன் என்று தெரிந்தே சொன்னார். "நெய்யும் கறியுமா ஊட்டி ஊட்டி எந்தம்பிய இப்படிப் பண்ணிப்போட்டாளே!" உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. "அக்கா, வட்டல்ல போட்டது அவ. தின்னது நானு. இது என்ற வயிறு. இதுக்கு வேற யாரும் சொந்தம் கொண்டாட வேண்டாம்."

நீங்கள் போன பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுக் காதோடு காதாகப் பேசினார்கள். வருடம் முழுக்க அந்தப் பேச்சு என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

போன வாரம் உங்கள் முதல் வருடத் திதி. பந்தியில் அக்கா மகன் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்குகிறார், அச்சு அசல் உங்கள் வயிறு. அக்கா கிண்ணத்தோடு அவர் முன்னால் குனிந்து பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், "எந்தம்பி இருந்திருப்பான். வீட்டுல வாச்சவ அப்படி."

ஊற்றுகிற கை நிற்கவே இல்லை. நான் அதைத்தான் பார்த்தேன்.

பாயாச வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் மகனுக்கு முன்னால் போய் நின்றேன். "கண்ணு, ஒன்னுக்குப் போறதுல ஏதாச்சும் சிரமம் இருக்குதா?"

பந்தியே தலையைத் தூக்கியது. ஒரு பெரியவர், "என்னம்மா இது, சோத்துக்கு முன்னால?" என்றார். "சோத்துக்கு முன்னாலதானுங்க என் மேல பழி சொன்னாங்க. இதையும் இங்கயே பேசலாமுங்க" என்றேன். "அவருக்கு வந்தது புராஸ்டேட் புற்றுநோய். வெக்கப்பட்டுட்டுச் சொல்லாம இருந்தாரு. அதனாலதான் எங்களுக்கு நேரமே இல்லாமப் போச்சு."

அக்கா மகன் இலையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "ராத்திரியெல்லாம் எந்திரிச்சுட்டே இருக்கறனுங்க, அத்தை. ஆறு மாசமா."

அக்காவின் கை இப்போது நின்றது.

வயதுக்குப் புராஸ்டேட் சும்மா வீங்குவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும், ஆனாலும் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். மறுநாளே கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனேன். அக்காவும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். கவுண்டரில் இருந்த பெண், "யாருக்குங்க, என்ன டெஸ்ட்?" என்று கேட்டாள். மகன் தரையைப் பார்த்தார். நான் வாயெடுப்பதற்குள் அக்கா முன்னால் வந்து, "என்ற பையனுக்குங்க. புராஸ்டேட்" என்றார். அந்தச் சொல் அவர் வாயில் நுழையாமல் நுழைந்தது.

ரிசல்ட் நாளைக்கு வரும். அக்கா இன்னும் இங்கேதான் இருக்கிறார். நேற்றுச் சாப்பிடும்போது என் கையைப் பிடித்து, "அவனுக்கும் நாந்தான ஊத்துனேன்" என்று அழுதார். "டாக்டரம்மா எனக்குச் சொன்னது உங்களுக்குந்தானுங்க. ஒருத்தர் தலையில போடக் கூடாதாம்" என்றேன். கையை நான் விலக்கவில்லை. ஆனால் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை, உங்களிடம் பொய் சொல்ல என்ன இருக்கிறது? இந்தக் கையால்தான் முப்பது வருடம் உங்களுக்குப் பசியாற்றினேன். யார் என்ன சொன்னாலும் இதை நான் முந்தானைக்குள் மறைக்கப் போவதில்லை.