அப்பாவின் சின்ன பொயிலர்

வாய்ப்பேச்சில் ஒருநாளும் என்னை முந்தவிடாத என் அன்பு அப்பாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்குத் திவசம். ஒரு வருடம்தான் ஆகிறது என்று அம்மா சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. உடம்பைக் கேட்டால் பத்து வருடம் என்கிறது. காலையில் இரத்தோட்டை பஸ், பகல் முழுக்க மாத்தளைப் பாமசியில் மருந்து கொடுத்து நின்ற கால், சாயங்காலம் மறுபடியும் அதே பஸ். இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குகிறேன், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குகிறேன். நீங்கள் இருந்தால் "குதிரைக்குப் பொறந்தவளே" என்றிருப்பீர்கள். "அப்ப நீங்க யாருப்பா?" என்று நான் கேட்டிருப்பேன்.

செய்திகள் நிறைய இருக்கின்றன. உங்கள் எண்ணெய்ப் பட்டறையில் பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, மருந்து பூசச் சொன்னால் "பூசினேன் பூசினேன்" என்று பொய் சொல்கிறாள். பூனை நீங்கள் இடுப்பில் கட்டிய சாரத்தின் மேல்தான் இன்னும் படுக்கிறது. இப்படி அதையும் இதையும் உங்கள் படத்தின் முன்னால் சொல்லிச் சொல்லியே, சொல்ல வேண்டிய ஒன்றை ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட கேள்விக்கு நான் தப்பான பதில் சொன்னேன் அப்பா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரத்தோட்டைக்கு மேலே ஓர் எண்ணெய்ப் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவர். கறுவா இலை, கராம்பு இலை, ஏலக்காய் எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் அடைத்து, பொயிலரில் இருந்து ஆவியை உள்ளே விட்டு, வாசனை எண்ணெய் வடிப்பீர்கள். வெளியாள் யாராவது எண்ணெய் விற்க வந்தால் முதலில் மோந்து பார்ப்பீர்கள். பிறகு வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைப்பீர்கள். சுத்தமான வாசனை எண்ணெய் என்றால் அடையாளமே இல்லாமல் பறந்துவிடும். தேங்காய் எண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். கறை நின்றால் போத்தலோடு ஆளையும் வாசலில் இறக்கிவிடுவீர்கள். "என்னா, இங்க தாளிக்கிறதுக்கா கொண்டாந்த?" என்று நீங்கள் கேட்பதைக் கேட்டு மற்ற வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கலப்படத்தில் அவ்வளவு கறாரான மனுசனுக்கு நான் என்ன வாங்கிக் கொடுத்தேன்?

பொயிலருக்குப் போட்டியாக நீங்களும் நாள் முழுக்கப் புகை விட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த இருமலைக் கேட்கப் பொறுக்காமல்தான் நான் அந்தக் கடைக்குப் போனேன். மாத்தளையில் ஒரு போன் கடை. எலக்ட்ரோனிக் சிகரெட் இருக்கிறதா என்று கேட்டதும் கடைக்காரன் வாசலை ஒருதடவை பார்த்துவிட்டு, மேசைக்குக் கீழே இருந்து எடுத்தான். விரல் நீளக் குழல் ஒன்று, அதற்குள் ஊற்ற ஒரு சின்னப் போத்தல். போத்தலின் மேல் மாம்பழப் படமும் எனக்குத் தெரியாத பாஷையில் நாலு எழுத்தும் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது, நிக்கோட்டின் எவ்வளவு, யார் செய்தது, ஒன்றும் இல்லை.

தலைவலி மாத்திரை வாங்க வருகிறவரைக்கூட "ஈரல் வருத்தம் ஏதும் இருக்கா? வேற மருந்து எடுக்குறீங்களா?" என்று நிறுத்தி வைத்துக் கேட்கிறவள் நான். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பொடி எழுத்தில் ஒரு வரி விடாமல் படிக்கிறவள். அன்றைக்கு மாம்பழப் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இதுல நெருப்பே இல்லயே புள்ள?"

"நெருப்பு இல்லப்பா. உள்ள சூடாகி ஆவிதான் வருது."

அந்த ஒரு வார்த்தைதான் அப்பா. புகை என்று சொல்லியிருந்தால் நீங்கள் யோசித்திருப்பீர்கள். "ஆவியா? அட, முப்பது வருசமா ஆவிக்குள்ளதான நிக்கிறேன்! சளி புடிச்சா ஆவி புடிக்கச் சொல்றீங்க. அது என்னத்தப் பண்ணப்போகுது?" என்றீர்கள். அன்றிலிருந்து அதற்குச் சின்ன பொயிலர் என்று பெயர். "செத்த இரு, சின்ன பொயிலர மூட்டிட்டு வர்றேன்" என்று வாசலுக்குப் போவீர்கள். நாங்களும் சிரித்தோம்.

முதல் மாதம் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. சட்டையில் நெருப்புப் பட்ட ஓட்டை இல்லை, வீட்டில் சிகரெட் நாற்றம் இல்லை. அம்மா எனக்குப் பாயாசம் வைத்துக் கொடுத்தாள். பிறகு வாய் காய்கிறது என்றீர்கள், நெஞ்சு படபடக்கிறது என்றீர்கள், தூக்கம் வரவில்லை என்றீர்கள். சிகரெட் என்றால் ஒன்று முடிந்ததும் அணையும். இது அணையவே இல்லை, நாள் முழுக்க உங்கள் வாயில் இருந்தது. இருமல் திரும்பி வந்தபோது நான் பாமசியில் இருந்து பாணி மருந்து கொண்டுவந்து தந்தேன். பழைய சிகரெட் சளி கரைந்து வெளியே வருகிறது என்று நானே ஒரு கதையும் சொன்னேன்.

எட்டாம் மாதம் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக உங்களை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தோம். சின்ன வயது டொக்டர், நல்ல மனுசன். சிங்களத்தில் என்னிடம் கேட்டார், அப்பா சிகரெட் குடிப்பாரா என்று. நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "இல்ல டொக்டர், விட்டு எட்டு மாசம்." அம்மா கட்டிலின் மறுபக்கம் நின்றாள், அவர் தாளில் எழுதிக்கொண்டார். ஒட்சிசன் மாஸ்க்குக்கு மேலே நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தீர்கள், சோதினையில் பாஸான பிள்ளை மாதிரி.

சின்ன பொயிலர் அப்போது என் கைப்பைக்குள் கிடந்தது. வாட்டில் நர்ஸ் மிஸ்ஸிமார் ஏசுவார்கள் என்று நான்தான் உங்களிடம் வாங்கி வைத்திருந்தேன். கையை விட்டு எடுத்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் பொய் சொல்ல நினைக்கவில்லை அப்பா. அது சிகரெட் இல்லை என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன். நிமோனியா என்று மருந்து ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் கருமாதிப் படையலில் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். தேத்தண்ணி, கருவாட்டுக் குழம்பு, கால் போத்தல் சாராயம். அம்மா சின்ன பொயிலரையும் துடைத்து இலையோரம் வைத்தாள். படையல் எடுத்ததும், உங்களோடு பட்டறையில் வேலை செய்த சிவலிங்கம் மாமா அதைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மச்சான் ஞாபகமா நான் வச்சுக்கிறேன் தங்கச்சி" என்றார். அம்மா தலையாட்டினாள். நான் அழுதுகொண்டிருந்தேன், வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்துத்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. பாமசிக்கு மேல்மாடியில் வாரம் ஒருநாள் நெஞ்சு டொக்டர் அம்மா ஒருவர் வருவார். தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். அவருக்கா தெரியாது? என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"அது தண்ணி ஆவி இல்ல செல்வராணி. நிக்கோட்டின் இருக்கும், கிளிசரின் மாதிரி திரவம் இருக்கும், வாசனைச் சாமான் இருக்கும். சூடாகிற கம்பியில இருந்து உலோகமும் கொஞ்சம் கலக்கலாம். அந்த வாசனைய சாப்பாட்டுல போடலாம்னு சொல்லியிருப்பாங்க. அது வயித்துக்கு. நெஞ்சுக்கு இல்ல. பேர் விபரம் ஒண்ணும் இல்லாத போத்தல்ல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எண்ணெய் கிண்ணெய் கலந்து இழுத்தா இன்னும் மோசம். நெஞ்சுக்குள்ள போன எண்ணெய் வத்தாது, அங்கயே நிக்கும்."

"சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமா டொக்டர்?"

"வேற மாதிரி யோசிச்சிருப்பாங்க. காப்பாத்தியிருக்கலாம்னு நான் சொல்லமாட்டேன். முடியாதுன்னும் சொல்லமாட்டேன். அவ்வளவு காலம் சிகரெட்டும் குடிச்சிருக்காரே." இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு பக்கமும் சாய முடியவில்லை. எண்ணெய் என்று அவர் சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. நாம் எங்கே எண்ணெய் ஊற்றினோம் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை அனுப்பினாள். "போயி சிவலிங்கம் அண்ணன்கிட்ட சின்ன பொயிலர வாங்கிட்டு வா. திவசத்துக்குப் படையல்ல வைக்கணும். அவருக்கு அதுன்னா உசுரு."

மாமா வீட்டு வாசலுக்கு வரும்போதே இருமல் கேட்டது. அந்த இருமல் எனக்குத் தெரியும் அப்பா, உங்களிடம் மாதக்கணக்காகக் கேட்ட இருமல்தான். "வா செல்வி, குளிர் ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டே மாமா குழலைத் திறந்து ஒரு மருந்துப் போத்தலில் இருந்து எதையோ ஊற்றினார். ஏலக்காய் மணந்தது.

"என்ன மாமா அது?"

"மச்சானோட பக்குவந்தான். கடையில குடுத்த மாம்பழத் தண்ணி மச்சானுக்குப் புடிக்கல. மாம்பழத்த மோந்துகூடப் பாக்காதவன் செஞ்சதுன்னு சொல்லுவாரு. நம்ம பட்டறை ஏலக்காய் எண்ணெய் நாலு சொட்டு. தனியா இழுத்தா தொண்டை எரியும், அதனால தேங்காய் எண்ணெய்ல கலக்கிறது. எல்லாம் சாப்புடுற சாமான்தான?"

நான் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டொக்டர் அம்மா சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "டொக்டருமாருக்கு எல்லாமே வெசந்தான் புள்ள." எனக்கு வாதாடத் தெம்பில்லை. எழுந்து கலண்டரில் இருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மாமாவின் போத்தலில் இருந்து ஒரு சொட்டு விட்டு, வாசலில் வெயிலில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்தேன்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சோதனையை அவரும் ஆயிரம் தடவை செய்தவர்தானே? இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம், உங்களைப் பற்றிப் பேசினோம். ஏலக்காய் மணம் போய்விட்டது. கறை போகவில்லை. மாமா தாளைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மறுபக்கம் வரைக்கும் ஊறியிருந்தது.

"மச்சானா இருந்தா இத வாசலோட திருப்பியிருப்பாரே" என்றார். பிறகு சின்ன பொயிலரை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் லீவு போட்டு அவரை டொக்டர் அம்மாவிடம் கூட்டிப்போனேன். கதிரையில் உட்காரும் முன்பே எல்லாவற்றையும் சொன்னேன், குழலையும் போத்தலையும் மேசையில் வைத்தேன். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. குழலை டொக்டர் அம்மாவே வைத்துக்கொண்டார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பாள்தானே? கேட்டாள். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கடையில் வாங்கியது, டொக்டரிடம் "இல்லை" என்றது, கைப்பைக்குள் வைத்திருந்தது, மாமா வீட்டில் பார்த்த எண்ணெய், எல்லாம். ஏசுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. துருவிக்கொண்டே சொன்னாள்: "அந்த ஓட்டை ரொம்பச் சின்னது. கண்ணாடி போட்டும் அப்பாவுக்குத் தெரியாது. கை வேற நடுங்கும். நான்தான் தெனமும் ஊத்திக் குடுத்தேன், ஒரு சொட்டு சிந்தாம."

அடுத்த தேங்காய்ப் பாதியை எடுத்தாள்.

"என்கிட்ட டொக்டர் ஒண்ணுமே கேக்கல புள்ள. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அதன் பிறகுதான் துருவலை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மட்டுமே ஒரு வருடம் சுமந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அப்பா. அவள் எவ்வளவு காலமாகச் சுமந்தாளோ, இல்லை அன்றைக்கு நான்தான் அவள் தலையில் ஏற்றினேனோ, அதுகூட எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஊரார் எண்ணெயையெல்லாம் கடதாசியில் விட்டுப் பார்த்தீர்களே, உங்கள் நெஞ்சுக்குள் போவதை ஒருதடவை விட்டுப் பார்த்தால் என்ன? உங்களை ஏசிவிட்டு, பிறகு மாம்பழப் படம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை தேத்தண்ணி இருக்கும், கருவாட்டுக் குழம்பு இருக்கும், சாராயமும் இருக்கும். சின்ன பொயிலர் இருக்காது. அம்மா சம்மதித்துவிட்டாள்.

இப்போது பாமசியில் இருமலோடு யார் வந்தாலும், சிகரெட் குடிப்பீர்களா என்று கேட்டுவிட்டு நான் நிறுத்துவதில்லை. ஆவி மாதிரி எதையாவது இழுக்குறீங்களா, அதுக்குள்ள என்ன ஊத்துறீங்க என்றும் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள், சிலர் மருந்தே வேண்டாமென்று போய்விடுகிறார்கள். போகட்டும். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இதைக் கேட்காமல் ஒரு போத்தல் பாணி மருந்துகூட என் கையால் கொடுக்கமாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம். கூட யாராவது பேசாமல் நின்றுகொண்டிருந்தால் அவர்கள் பக்கம் திரும்பி இன்னும் ஒன்று கேட்பேன்: "வீட்டுல ஊத்திக் குடுக்கிறது நீங்களா?"

அன்றைக்கு "இல்லை" என்று சொன்ன உங்கள் ஒரே மகள்,
செல்வராணி
இரத்தோட்டை