கொய்யாக் கன்றுக்குப் பழைய வேட்டி

சேட்டு மாமாவுக்கு, சுப்பம்மா எழுதுவது. மூட்டுவலி எப்படி இருக்கிறது? கும்மிடிப்பூண்டியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? போனில் பேசினால் உங்கள் மருமகள் அன்புக்கரசி ஸ்பீக்கரில் போடுகிறாள், அதனால்தான் கடிதம்.

திருவான்மியூரில் வேலை பார்க்கும் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சின்னதாக ஒன்று நடந்தது. தோட்டத்துக் கொய்யாக் கன்றின் கிளைகள் மண்ணில் தொங்கின. கழி நட்டுத் தண்டை நிமிர்த்தினேன், கிளைகளைத் தூக்கிக் கட்டி, மேலே பார்க்கிற கணுவை விட்டு நுனியை நறுக்கினேன். பழைய சேலைத் துணியில்தான் கட்ட வேண்டும். என் ஆறு சேலையை அன்புக்கரசி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குப் போட்டாளே, நான் மறக்கவில்லை. துணி இல்லாமல் நைலான் கயிற்றில் கட்டினேன். கடல் காற்றில் ஆடி ஆடி, கயிறு தண்டின் பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டது.

வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டார். “செத்துப்போன என் பையன் வெச்ச கன்னு இது, சுப்பம்மா. பட்டுப்போச்சுன்னா நீ கிளம்பிடு.”

“உள்ள பச்சையாத்தான் கீதும்மா, துளுத்துக்கும்,” என்றேன்.

நேற்று நகத்தால் கீறினேன். அடித்தண்டும் பழுப்பு. இருந்தாலும் சாணி வைத்துக் கட்டிப் பார்க்கிறேன். உங்கள் கிழிந்த வேட்டி இரண்டு அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

நான் வந்தால் படுக்க இடம் உண்டா என்று மருமகளிடம் நீங்களே கேளுங்கள். அன்று அவள் என் பாயை வெளியே வைத்தபோது நீங்கள் டீவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இந்த முறையாவது வாயைத் திறவுங்கள்.

அம்மா கூப்பிடுகிறார்.

சுப்பம்மா